வயரிங் விதிகளை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

வயரிங் விதிப் புத்தகத்தைத் திறந்தால் அட்டவணையாக வந்து நிற்கும், பலர் அதோடு மூடிவைத்துவிடுவார்கள். கட்டட வயரிங்குக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60364 ஆகட்டும், அதை ஒட்டிப் பல நாடுகள் எழுதிக்கொண்ட விதிகளாகட்டும், முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: லோடு இழுக்கும் கரண்ட்டைவிட எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து, அதாவது ட்ரிப் ஆகி, இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) சிறியதாக இருக்கக் கூடாது, எம்சிபியைவிட வயரின் தாங்குதிறன் குறையக் கூடாது. எம்சிபி முதலில் காப்பது வயரைத்தான். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று வயரை மாற்றாமல் 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 மாட்டுகிறவர்கள், சுவருக்குள் தீ வைக்க ஏற்பாடு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 3,000 வாட் ஹீட்டர், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். சரி, 16 ஆம்பியர் எம்சிபி. 2.5 சதுர மி.மீ. பிவிசி செம்பு வயர், சுவர்மேல் ஓடும் பைப்புக்குள் போனால் 24 ஆம்பியர் தாங்கும் என்கிறது ஐஇசி அட்டவணை. தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த 24, சுற்றுவெப்பம் 30 டிகிரியாக இருந்து பைப்பில் ஒரே சர்க்யூட் ஓடினால்தான். வெப்பம் 40 டிகிரி என்றால் 0.87-ஆல் பெருக்க வேண்டும், அதே பைப்பில் மொத்தம் மூன்று சர்க்யூட் திணித்திருந்தால் இன்னொரு 0.70. மிஞ்சுவது 14.6 ஆம்பியர், அதாவது எம்சிபியைவிடக் குறைவு! ஒன்று, 4 சதுர மி.மீ. போடுங்கள், இல்லை ஹீட்டருக்குத் தனிப் பைப் விடுங்கள். அட்டவணையின் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடிக்குறிப்பைத் தாண்டிப் போவதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

அப்புறம் எர்த். ஃபேஸ் வயர் ஹீட்டரின் உடலைத் தொட்டுவிட்டால் கரண்ட் எர்த் வழியே பாயும். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழுந்தாக வேண்டுமென்றால் 160 ஆம்பியர் பாய வேண்டும், அதற்கு அந்தக் கரண்ட் சுற்றிவரும் பழுதுப் பாதையின் மொத்தத் தடை சுமார் 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். மண்ணில் அடித்த கம்பியை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில் தடை 10 ஓம் என்றால் பாய்வதே 23 ஆம்பியர்தான், ஒரு மணி நேரம் ஆனாலும் எம்சிபி விழாமல் இருக்கலாம், அதுவரை ஹீட்டரின் உடல் ஷாக் அடிக்கும். இதனால்தான் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (அந்த அளவு கரண்ட் எர்த்துக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கேட்கிறார்கள். ஆனால் அது ஓவர்லோடைப் பார்க்காது என்பதால் எம்சிபியும் கூடவே வேண்டும்.

ஸ்விட்ச் ஃபேஸில்தான் வர வேண்டும், நியூட்ரலில் அல்ல. எர்த் வயரில் ஸ்விட்சோ ஃபியூஸோ எதுவும் கூடாது. இரண்டு ஆர்சிசிபிகளின் நியூட்ரலை ஒன்றாக முடிச்சுப் போட்டால் காரணமே தெரியாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.

சப்ளை கொடுக்கும் முன் 500 வோல்ட் டிசியில் மெகர் (வயர் உறையின் காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லையா? அந்த லைனைப் பயன்படுத்தாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.