பல வருடம் கழித்து மறுபடி சைக்கிள்: மேடு ஏறப் பழகும் முறை

இருபது வருட இடைவெளிக்குப் பிறகு நான் ஏறிய முதல் மேட்டில் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். வயசும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய குற்றவாளி கியர்.

படி 1: முதலில் கியரைப் பாருங்கள்

முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்திலும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்திலும் எத்தனை பல் என்று எண்ணுங்கள். பழைய ரேஸ் சைக்கிள் என்றால் 39, 25 என்பது போல இருக்கும். அதில் மிதியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 1.56 சுற்று சுற்றும். மேட்டில் மணிக்கு 9 கி.மீ. வேகம் போக நிமிடத்துக்கு 46 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிழியும். இரண்டும் 34 பல்லாக இருந்தால் அதே வேகத்துக்கு 71 சுற்று. செலவாகும் சக்தி அதேதான், ஆனால் ஒரு மிதிக்குத் தேவைப்படும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

பின் கேசட்டை (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரங்களின் அடுக்கு) மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் நல்ல வித்தியாசம் தெரியும். அந்தப் பல் எண்ணிக்கையை உங்கள் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம்) தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். சின்ன கியர் போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

படி 2: சீட் உயரம்

குதிகாலை மிதியில் வைத்து, மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்.

படி 3: ஒரு மாதம் சமதளம்

வாரம் மூன்று நாள், பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில். முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். சலிப்பாக இருக்கும், தெரியும். இதய நோய், ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருந்தால் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மிதிக்கும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

படி 4: சின்ன மேட்டில் பயிற்சி

நூறு மீட்டருக்கு 4, 5 மீட்டர் உயரும் மேடு போதும். 5 நிமிடம் ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறுங்கள். மொத்தம் மூன்று முறை. இரண்டிரண்டு சொல்லாகப் பேச முடிகிற அளவு மூச்சு வாங்கட்டும். வாரம் ஒருமுறை செய்து, சில வாரம் கழித்து இரண்டு ஆக்கலாம். நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்; இளவயதில்போல இப்போது தசை ஒரே இரவில் தேறுவதில்லை. உட்கார்ந்து எழும் பயிற்சியும் படி ஏறுவதும் வாரம் இரண்டு நாள் செய்தால் தொடைக்கு நல்லது.

படி 5: பெரிய மேட்டில்

மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். செயினில் முழு அழுத்தம் இருக்கும்போது மாற்றினால் கடகடவென்று சத்தம் வரும், சில நேரம் கழன்றும் விடும். முதல் ஐந்து நிமிடம் ‘இவ்வளவு மெதுவாகவா!’ என்று தோன்ற வேண்டும். நானும் இன்னொருவரைத் துரத்தி, இங்கேதான் பலமுறை கெடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் உட்கார்ந்தே ஏறுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இடுப்பு மரத்துப்போனால் மட்டும் எழுந்து நின்று பத்துப் பதினைந்து மிதி.

எடையைப் பற்றி ஒரு கணக்கு: நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், 1 கிலோ குறைவான சைக்கிள் அரை மணி நேர ஏற்றத்தில் சுமார் 20 விநாடிதான் மிச்சப்படுத்தும். உங்கள் உடம்பில் 5 கிலோ குறைந்தால் ஒன்றரை நிமிடம். காசை எதில் போடுவது என்பது உங்கள் விருப்பம்.

உச்சியில் நின்றதும் வியர்வை குளிரும். மெல்லிய ஜாக்கெட் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், விட்டுவிட்டுப் பிடியுங்கள்.