மை காய்ந்தால் போதாது: ரப்பர் ஸ்டாம்பு கார்டு செய்கிறவர்கள் விடும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் கையால் கார்டு செய்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பிறந்தநாள் வாழ்த்தில் ஆரம்பித்து, காது குத்து, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம் என்று ஆர்டர் வாங்கும் அளவுக்கு வந்துவிட்ட பெண்கள் எனக்குத் தெரிந்தே பல பேர். தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவை ஸ்டாம்பாக்கி நாலு மூலையிலும் அடிப்பது, கண்டாங்கிச் சேலைக் கட்டத்தை ஓரத்தில் ஓட்டுவது, கொட்டான் என்ற ஓலைப்பெட்டியின் பின்னலைப் பின்னணியாக வைப்பது என்று யோசனைக்குப் பஞ்சமே இல்லை. அதைக் காகிதத்தில் இறக்கும்போது மட்டும் எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள், நான் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளத்தில்.

ஸ்டாம்பை ஆட்டாமல் அழுத்த வேண்டும், மையை அப்பக்கூடாது, அடியில் மெத்தென்று ஒரு ஷீட் வேண்டும் என்பதெல்லாம் எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைத்தான் நிறையச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அதை நினைத்தாலே இன்னும் எரிச்சல் வருகிறது.

மையின் மேல் அடுத்து எது படும் என்று கேட்காதது

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், கெட்டிக்காரி, கை அவ்வளவு சுத்தம். ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை ஆர்டர் வாங்கினாள். வெள்ளை ஐவரி கார்டு, நாலு மூலையிலும் ஆத்தங்குடிப் பூ, கருநீல மை. வீட்டு வளவில், அதாவது முற்றத்தில், பாய் விரித்து வரிசையாகக் காயவைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தாள், பணமும் பாதி வந்துவிட்டது. அப்புறம் அந்த வீட்டுப் பெரிய ஆச்சி நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, எல்லாப் பத்திரிகைக்கும் நாலு மூலையிலும் தடவினார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஈர மஞ்சள் பட்டதும் நீலப் பூ கரைந்து ஓடி, மூலைக்கு மூலை பாசி பிடித்தது மாதிரி ஒரு பச்சை. நல்ல காரியத்துக்கு அழைக்கிற காகிதம் அப்படி இருந்தால் எந்த வீட்டில்தான் ஒத்துக்கொள்வார்கள்? அவர்கள் அவசரமாக அச்சகத்துக்கு ஓடினார்கள், இவள் வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள், அட்டைச் செலவு, மைச் செலவு, இரண்டு வாரத்து உழைப்பு எல்லாம் போச்சு.

அழுதுகொண்டே அவள் என்னிடம் சொன்ன வார்த்தை இதுதான்: "மை நல்லாக் காஞ்சிருந்துச்சே ஆச்சி!"

காய்ந்துதான் இருந்தது. அதை யார் இல்லை என்றது? காய்வது வேறு, தண்ணீருக்குத் தாங்குவது வேறு. இதை வகுப்பில் எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய், கடையில் மைப் பேடின் மூடியைப் பார்த்துக் கலரை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மூடியிலேயே அது டை மையா, பிக்மென்ட் மையா என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

விஷயம் ரொம்ப எளிது. டை மையில் நிறம் தண்ணீரில் கரைந்திருக்கும். காகிதத்தில் அடித்ததும் நாருக்குள் இறங்கி, தண்ணீர் ஆவியாகி, நிறம் அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் சீக்கிரம் காய்கிறது. ஆனால் திரும்பத் தண்ணீர் பட்டால் அந்த நிறம் மறுபடி கரையும். எவ்வளவு கரையும் என்பதுதான் மைக்கு மை மாறும். டிஸ்ட்ரெஸ் என்ற பேரில் விற்கிற மை மாதிரி சிலவற்றைத் தண்ணீர் பட்டால் கரைந்து பரவ வேண்டும் என்றே செய்கிறார்கள், அதில் அழகழகாக வாட்டர்கலர் வேலை செய்யலாம், ஆனால் மஞ்சள் தடவப் போகும் மூலைக்கு அது ஆகாது. ஆபீஸில் வைத்திருக்கும் ஊதா ஸ்டாம்பு பேடும் இந்த ஜாதிதான். பேடு காய்ந்துபோகாமல் இருக்கக் கிளிசரின் மாதிரி ஏதாவது சேர்த்திருப்பதால் காகிதத்தில் ஓரம் கசிந்து பரவும், வெயில் பட்டால் வெளுக்கும். கார்டுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

பிக்மென்ட் மையில் நிறம் கரைவதில்லை, பொடித்துகளாக மிதக்கும். காகிதத்தின் மேலேயே உட்காரும், மெதுவாகக் காயும், நிறம் அழுத்தமாக நிற்கும். காய்ந்த பிறகு தண்ணீரைத் தாங்குமா என்றால் சிலது தாங்கும், சிலது தாங்காது. வெர்சாஃபைன் மாதிரி எண்ணெய் சேர்ந்த பிக்மென்ட் மை நன்றாகக் காய்ந்துவிட்டால் தாங்கும். ஆர்க்கைவல், ஸ்டேஸ்ஆன் என்ற பேரில் வரும் மைகளும் தண்ணீருக்கு அசையாது.

உடனே "அப்ப எல்லாத்துக்கும் அதையே வாங்கிடறேன்" என்று கிளம்பாதீர்கள். தண்ணீருக்கு அசையாத மை பலதும் ஸ்பிரிட்டுக்கு அசையும். ஆல்கஹால் மார்க்கரால் உள்ளே வண்ணம் தீட்டுகிறவர்கள் ஸ்டேஸ்ஆனில் வெளிக்கோடு அடித்தால், மார்க்கர் பட்டதுமே கறுப்பு இழுத்துக்கொண்டு வரும், மார்க்கர் முனையும் கெடும். மார்க்கர் வேலைக்கு மெமென்டோ மாதிரி மை வேண்டும். அதுவே டை மை, அதனால் அந்தக் கோட்டுக்குள் வாட்டர்கலர் தீட்ட ஆகாது. ஆக, நல்ல மை, கெட்ட மை என்று எதுவும் கிடையாது. கையில் இருக்கிற வேலையில் இந்த மையின் மேல் அடுத்து என்ன படப்போகிறது, தண்ணீரா, ஸ்பிரிட்டா, மஞ்சளா, வியர்வைக் கையா, இதற்குப் பதில் தெரியாமல் பேடைத் திறக்காதீர்கள்.

நம் ஊர்க் கார்டுகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். வெளிநாட்டு வீடியோவில் வரும் கார்டு கவருக்குள் போய், எடுத்துப் படித்து, அலமாரியில் நிற்கும். நம் பத்திரிகை அப்படியா? முதல் பத்திரிகை சாமி பாதத்தில் வைக்கப்படும், அங்கே ஈரப்பூ, விபூதி, சந்தனம். அப்புறம் மஞ்சள், குங்குமம். அப்புறம் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்கள், வெற்றிலை கழுவின தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும். வழக்கத்தை மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, மையைத்தான் மாற்ற வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. மூலையில் ஸ்டாம்பு அடிக்காதீர்கள். கட்டைவிரல் அகலம் நாலு மூலையிலும் வெறுமையாக விட்டு, பூவை உள்ளே தள்ளிவிட்டால் மஞ்சளுக்கும் இடம் கிடைக்கும், உங்கள் தூக்கமும் கெடாது. மூலையில்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால் ஈர மையின் மேல் எம்பாஸிங் பவுடர் என்ற பொடியைத் தூவிச் சூடு காட்டிவிடுங்கள். உருகி இறுகிய பவுடர் பிளாஸ்டிக் மாதிரி, ஈரம் ஒன்றும் செய்யாது.

எந்த வழியாக இருந்தாலும் ஆர்டருக்கு வாங்கின அதே அட்டையில் ஒரு துண்டு வெட்டி, உங்களிடம் இருக்கும் எல்லா மையையும் வரிசையாக அடித்து, பக்கத்தில் பேடின் பேரை எழுதி, ஒரு நாள் விட்டுவிட்டு, ஒரு ஓரம் ஈரப் பிரஷ், ஒரு ஓரம் மார்க்கர், ஒரு ஓரம் குழைத்த மஞ்சள் என்று தடவிப் பாருங்கள். அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல் சுவரில் ஒட்டி வையுங்கள். அட்டை மாறினால் மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரே மை ஒரு அட்டையில் அசையாமலும் இன்னொன்றில் கசிந்தும் நிற்கும். அந்தப் பெண் இதைச் செய்திருந்தால் ஒரே ஒரு துண்டு அட்டைதான் வீணாகியிருக்கும்.

பளபளப்பு அட்டை

இதுவும் மேலே சொன்னதன் தம்பிதான். அச்சகத்தில் மீந்துபோன ஆர்ட் கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று கட்டாக வாங்கி வருகிறார்கள். மேலே பூச்சு இருப்பதால் மை உள்ளே இறங்காது. பிக்மென்ட் மையை அதில் அடித்தால் மறுநாள் தொட்டாலும் விரலில் வரும், அடுக்கி வைத்தால் ஒன்றின் பூ இன்னொன்றின் முதுகில் ஏறும். பளபளப்புத்தான் வேண்டும் என்றால் ஸ்டேஸ்ஆன் மாதிரி மை, இல்லையென்றால் பவுடர். நான் பூச்சில்லாத 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டையைத் தாண்டிப் போவதே இல்லை.

ஹேர் டிரையரால் எம்பாஸிங்

நடக்காது. சூடு போதாது, காற்றுத்தான் அதிகம், பவுடர் பறந்துவிடும். பவுடரை உருக்குவதற்கென்றே இருக்கும் ஹீட் கன் வாங்குங்கள்.

பவுடர் வேண்டாத இடத்தில் ஒட்டுவது

ஸ்டாம்பு அடிப்பதற்கு முன்னால் காகிதத்தில் டால்கம் பவுடரை ஒரு துணியால் லேசாக ஒற்றி எடுத்துவிடுங்கள். கைப்பிசுக்கும் மழைக்கால ஈரமும் எம்பாஸிங் பவுடரைப் பிடித்து வைக்கின்றன. இதற்கென்று தனிப் பை விற்கிறார்கள், முகத்துக்குப் போடும் பவுடரே போதும். இன்னொன்று, உருகிப் பளபளவென்று ஆனதுமே ஹீட் கன்னை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று காட்டினால் உருகினது காகிதத்துக்குள் இறங்கி, எண்ணெய்க் கறை மாதிரி தட்டையாகிவிடும்.

தமிழ் எழுத்தைச் சின்னதாகச் செய்யச் சொல்வது

ஸ்டாம்பு கடையில் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் திரையில் பார்த்துவிட்டுச் சரி என்கிறார்கள். திரையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். ரப்பரில் வந்தால் ஞ-வின் வளைவுக்குள் மை அடைத்துக்கொள்ளும், ஸ்ரீ ஒரு கரும்புள்ளியாக நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி பாதி விழும் பாதி விழாது. "அழைப்பிதழ்" என்று அடித்ததில் கடைசிப் புள்ளி விழாமல் "அழைப்பிதழ" என்று ஊர் முழுக்கப் போன கார்டை நானே கையில் வாங்கியிருக்கிறேன். ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. கோடு ஒரே தடிமனாக இருக்கும் எழுத்துருவாகப் பார்த்து, நினைத்ததைவிடப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

ரப்பரை நீங்களே வெட்டுவதாக இருந்தால் எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஆத்தங்குடியில் கல் செய்கிறவர்களும் கண்ணாடித் தகட்டின் மேல்தான் கலரை ஊற்றுகிறார்கள், பூவின் முகம் கீழே இருக்கும். ஆனால் பூ பெரும்பாலும் எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான், அவர்களுக்குக் கவலையில்லை. உங்கள் எழுத்து அப்படியில்லை.

மை ஊறின ஸ்டாம்பை வாங்கி வருவது

ஆபீஸ் முத்திரைக்கு மட்டும். அதற்குள் இருக்கும் மைதான் வரும், பவுடரும் போட முடியாது, கலரும் மாற்ற முடியாது. கடையில் "பேடில் தொட்டு அடிக்கிறது" என்று சொல்லி வாங்குங்கள்.

புது ஸ்டாம்பை எடுத்ததும் அடிப்பது

கண்ணாடி மாதிரி இருக்கும் பாலிமர் ஸ்டாம்பில் மை திட்டுத்திட்டாக நிற்கிறதா? ஸ்டாம்பு மோசமில்லை, மேலே ஒரு வழவழப்பு இருக்கிறது. பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு, இரண்டு மூன்று தடவை வேஸ்ட் தாளில் அடியுங்கள். அப்புறம் கழுவி மொட்டை மாடியில் காயவைக்காதீர்கள். வெயிலில் மஞ்சளாகிவிடும்.

நாரைப் பார்க்காமல் மடிப்பது

கெட்டி அட்டைக்கு நார் ஓடும் திசை உண்டு. அதற்குக் குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து வெள்ளைச் சில்லுச் சில்லாகத் தெரியும். அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடிக்க வேண்டும். மடிப்பதற்கு முன்னால் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திவிடுங்கள். ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக மடித்தால் 148-க்கு 210 மில்லிமீட்டர், நல்ல பெரிய கார்டு. ஆனால் கட்டாக விற்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், இந்த மடிப்பு அதற்குக் குறுக்கேதான் விழும். அதனால் பெரிய ஷீட்டாக வாங்கி, நார் பார்த்து நீங்களே வெட்டிக்கொள்வதுதான் என் வழி.

கலர் வரிசை

வெளிர் நிறம் முதலில், கருநிறம் கடைசியில். நீலம் ஒட்டிய ஸ்டாம்பை மஞ்சள் பேடில் தொட்டால் அந்தப் பேடு அதோடு பச்சைதான்.

பேடைத் திறந்துபோட்டுவிட்டுப் பேசப் போவது

பங்குனி, சித்திரையில் நம் ஊர்க் காற்றுக்கு டை பேடு மூடியில்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் போதும், ஓரம் காய ஆரம்பிக்கும். ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் கேட்கவே வேண்டாம். காய்ந்தது என்று தண்ணீர் தெளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதோடு அந்தப் பேடில் அடிக்கும் எல்லாமே வெளிறித்தான் வரும். அதே மைக்கான ரீஃபில் பாட்டிலில் சில துளி விட்டு, மூடி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஃபெல்ட் துணி வைத்த டை பேடைக் கவிழ்த்து வைத்தால் மை மேற்பரப்புக்கு வந்து நிற்கும். ஸ்பாஞ்சு வைத்த பிக்மென்ட் பேடுக்கு அது தேவையில்லை, நேராகவே வைக்கலாம்.