10,000 மீட்டரில் வேகமான நேரத்துக்குத் திட்டமிடுவது எப்படி

2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் பிரான்சின் ஜிம்மி கிரெசியே 10,000 மீட்டர் பட்டத்தை 28 நிமிடம் 55.77 விநாடியில் வென்றார். அந்த ஓட்டத்தில் நேரடியாக இடம்பெறுவதற்கு நிர்ணயித்திருந்த தகுதி நேரமோ 27:00.00. பட்டத்துக்கான ஓட்டங்களில் வெப்பமும் எச்சரிக்கையும் சேர்ந்து வேகத்தைக் குறைத்துவிடும். எல்லோரும் கடைசிச் சுற்றுகளுக்காகக் காத்திருப்பார்கள். புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் ஆசிய அளவில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது, நீண்ட ஓட்டத்துக்கு ஏறக்குறைய 30 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். அன்றைய வெக்கையில் அதுவே சரியான ஓட்டம். ஆகவே வீரரும் பயிற்சியாளரும் பருவத் தொடக்கத்திலேயே, எந்தப் போட்டி பதக்கத்துக்கு, எந்தப் போட்டி நேரத்துக்கு என்று நாட்காட்டியில் பிரித்து எழுதிவிட வேண்டும். இந்தக் குறிப்புகள் இரண்டாம் வகைக்கு மட்டுமே.

நேரத்துக்கான போட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. சுரேந்திர சிங் 2008இல் ஸ்பெயினின் விகோ நகரில் ஓடிய 28:02.89 என்ற இந்தியச் சாதனை 2024 வரை அசையவில்லை. பிறகு ராணுவ வீரர் குல்வீர் சிங் ஓராண்டு இடைவெளியில் அதை மூன்று முறை திருத்தினார்: 2024 மார்ச்சில் கலிபோர்னியாவின் சான் ஹுவான் கபிஸ்ட்ரானோவில் நடந்த ‘தி டென்’ போட்டியில் 27:41.81, அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானின் ஹசியோஜியில் 27:14.88, 2025 மார்ச்சில் மறுபடியும் ‘தி டென்’னில் 27:00.22. மூன்றும் வெளிநாட்டில், மூன்றும் வெயில் தணிந்த மாதங்களில். உள்நாட்டுப் போட்டிகளில் முன்னணி வீரர் பத்தாவது சுற்றுக்குள் தனித்துவிடுகிறார். அதன்பின் பின்தங்கியவர்களைச் சுற்றி வளைத்துத் தாண்டிக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது. எனவே குளிர்ந்த மாலை, காற்றில்லாத மைதானம், தம்மைவிடச் சற்று வேகமான பத்துப் பேராவது உள்ள களம் ஆகிய மூன்றும் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டும். மூன்றில் கடைசியானதே மிக முக்கியம் என்பது என் கருத்து.

போட்டி கிடைத்ததும் அடுத்த கேள்வி, எந்தப் பிரிவில் ஓடுவது என்பது. இத்தகைய போட்டிகளில் விண்ணப்பித்தவர்களை அவர்களுடைய சிறந்த நேரத்தின்படி பிரிவுகளாக வகுப்பார்கள். 27:50 ஓட விரும்புகிறவர் கௌரவத்துக்காக 27:00 பிரிவில் இடம் கேட்டால், எட்டாவது சுற்றில் கூட்டம் அவரை விட்டுப் போய்விடும். மீதிப் பதினேழு சுற்றுகளையும் அவர் தனியாகவே ஓடித் தீர்க்க வேண்டும். அவருக்கு 27:45 குறிவைக்கும் பிரிவின் நடுவிடமே ஏற்றது.

வேகக் கணக்கு எளிமையானது. 27:00 என்றால் 25 சுற்றுகளில் ஒவ்வொன்றும் 64.8 விநாடி, 200 மீட்டருக்கு 32.4. அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம், குறிப்பாக உடல் இலேசாக இருக்கும் முதல் இரண்டு சுற்றுகளில். அங்கே மிச்சம் பிடித்த இரண்டு விநாடிகளைப் பதினைந்தாவது சுற்றுக்குப் பிறகு வட்டியோடு கட்ட நேரிடும். 2020 அக்டோபர் 7 அன்று வலென்சியாவில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகேய் 26:11.00 என்ற உலக சாதனையை ஓடியபோது முதல் பாதியை 13:07.73இலும் இரண்டாம் பாதியை அதைவிட நான்கு விநாடிக்கு மேல் குறைவாகவும் முடித்தார். சராசரிச் சுற்று 62.84; அதிலிருந்து பெரிதாக விலகிய சுற்று அவரிடம் இல்லை.

அந்தச் சீரான ஓட்டத்துக்கு இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று, முன்னால் ஓடி வேகத்தை வகுத்துக் கொடுத்துவிட்டு நடுவில் விலகும் பேஸ்மேக்கர்கள்; மற்றொன்று, ஓடுதளத்தின் உள்விளிம்பில் வரிசையாகப் பொருத்தி, முன்கூட்டியே குறித்த வேகத்தில் நகர்ந்து செல்லும்படி அமைத்த வேவ்லைட் விளக்குகள். இரண்டையும் விதி அனுமதிக்கிறது; ஆனால் ஓட்டத்தின் நடுவே ஒருவர் புதிதாக இறங்கி இழுத்துச் செல்வதையோ, ஒரு சுற்று பின்தங்கியவர் வேகம் கொடுப்பதையோ அனுமதிப்பதில்லை. விளக்கு எந்த வேகத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது, பேஸ்மேக்கர் எத்தனையாவது மீட்டரில் விலகுவார் என்பவற்றை முந்தைய நாளே ஏற்பாட்டாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தின்போது விளக்கு மூன்று மீட்டர் முந்திவிட்டால் அதை அடுத்த வளைவிலேயே பிடிக்கப் பாய்வது பெரும் தவறு. நான்கைந்து சுற்றுகளில் சிறிது சிறிதாக ஈடுகட்டினால் மூச்சு கலையாது.

இனி, வீரர்கள் பலர் பொருட்படுத்தாத ஒரு விஷயம்: எந்தக் கோட்டில் ஓடுவது? இரு வளைவுகளிலும் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் ஒரு சுற்றுக்கு 6.28 மீட்டர் கூடுதல் தூரம் சேர்கிறது. 25 சுற்றுகளுக்கு அது 157 மீட்டர். 27 நிமிட வேகத்தில் ஏறக்குறைய 25 விநாடி. குல்வீர் சிங் 27 நிமிடத் தகுதி நேரத்தைத் தவறவிட்டது 0.22 விநாடியில், அதாவது ஒன்றரை மீட்டருக்கும் குறைவான தூரத்தில். ஒரே ஒரு சுற்றின் இரு வளைவுகளிலும் ஒரு சாண் வெளியே ஓடினாலே அந்த அளவு போய்விடும். ஆகவே வளைவு தொடங்குமுன் உள்ளே நுழைந்துவிட வேண்டும். முந்துவதானால் நேர்ப்பாதையில் மட்டுமே முந்த வேண்டும். முன்னால் ஓடுபவரின் குதிகாலுக்கு நேர் பின்னே போகாமல் அரைத் தோள் அளவு வலப்புறம் விலகி ஓடினால் ஸ்பைக்ஸ் எனும் முட்காலணி மிதிபடாது, திடீரென வேகம் குறைந்தாலும் மோத நேரிடாது. பார்வை அவருடைய தோள்பட்டையில் இருக்கட்டும். கால்களைப் பார்த்து ஓடுகிறவர் கழுத்தைக் குனிந்து சீக்கிரம் களைத்துவிடுகிறார்.

பதின்மூன்றாம் சுற்றிலிருந்து இருபதாம் சுற்று வரைதான் நேரம் கசிகிறது. பேஸ்மேக்கர் விலகியிருப்பார், முடிவு இன்னும் கண்ணில் படாது, சுற்றுக்கு அரை விநாடி கூடுதலாக ஆவதை உடல் உணர்வதுகூட இல்லை. பயிற்சியாளர் 200 மீட்டர் குறிக்கு அருகில் நின்று ‘32.4’, ‘32.7’ என்று எண்ணை மட்டும் சொன்னால் போதும். “போ, போ” என்ற கூச்சலால் பயனில்லை. பக்கத்தில் ஓடும் இருவரோடு சுற்றுக்கு ஒருவராக முன்னிலை மாற்றிக்கொள்ள முன்பே பேசி வைப்பதும் நல்லது. யாராவது திடீரென வேகம் கூட்டினால் பின்தொடரத் தேவையில்லை, ஏனெனில் அன்றைய போட்டி அவருடன் அல்ல.

காலணி பற்றிச் சுருக்கமாக: 2024 நவம்பர் 1 முதல் ஓடுதளப் போட்டிகளில் அடிப்பாகம் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சாலை ஓட்டத்துக்கான தடித்த காலணியோடு வந்து, நல்ல நேரம் ஓடி, அது செல்லாமல் போவதைவிட வருத்தமானது வேறில்லை.

ஊட்டி போன்ற உயரமான இடத்தில் முகாமிட்டவர்கள், இறங்கி வந்த எத்தனையாவது நாளில் தமக்கு உடல் இசைகிறது என்பதைச் சிறு போட்டிகளில் முன்பே சோதித்திருக்க வேண்டும், ஏனெனில் அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பருவத்தில் 10,000 மீட்டரை முழு வீச்சில் இரண்டு முறைக்கு மேல் முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் முயற்சி முடிந்ததும் சுற்று நேரப் பட்டியலை வாங்கி, 64.8ஐ விட்டு விலகிய சுற்றுகளைக் குறித்து, அவை பேஸ்மேக்கர் விலகியபோது வந்தனவா, ஒருவரை முந்தியபோது வந்தனவா, தனியாக ஓடியபோது வந்தனவா என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த முயற்சிக்கு வேறு பிரிவையோ வேறு போட்டியையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.