இதழைப் பிடித்தால் கதைகள் தானாக வரும்: ஜப்பானின் மாற்று காமிக்ஸ் படிக்கத் தொடங்குவது எப்படி

மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், என்றதும் நருட்டோ, ஒன் பீஸ் என்று பெரிய வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே நாட்டில், அதிகம் விற்காத சிறு இதழ்களில், யாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லாமல் வரையப்பட்ட இன்னொரு பெரிய உலகம் இருக்கிறது. ஜப்பானிய மொழி தெரியாமல் வெளிநாட்டில் இருந்துகொண்டே அதற்குள் நுழைய முடியும். 'சிறந்த பத்து மாங்கா' பட்டியல்களில் தேடினால் மட்டும் கிடைக்காது. ஒரு கதை எந்த இதழில் வந்தது, யார் அதைப் பதிப்பித்தார்கள் என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும்.

படி 1: 'காரோ' என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

1964-ல் கத்சுயிச்சி நாகாய் என்ற பதிப்பாளர் தொடங்கிய மாத இதழ் காரோ. சன்பெய் ஷிராதோ வரைந்த 'கமுய்தென்' என்ற நீண்ட தொடருக்கு இடம் தருவதுதான் முதல் நோக்கம். நிலவுடைமைக் காலத்து விவசாயிகளும் ஒடுக்கப்பட்டவர்களும் எதிர்த்து நிற்கும் கதை அது. அன்றைய மாணவர்கள் அதை விரும்பிப் படித்தார்கள்.

ஆனால் காரோவை மறக்க முடியாததாக ஆக்கியது, அந்தத் தொடருக்குப் பக்கத்தில் நாகாய் வெளியிட்ட மற்றவர்களின் கதைகள். இப்படித்தான் வரைய வேண்டும் என்று அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. பிற்காலத்தில் படைப்பாளிகளுக்குச் சன்மானம் கொடுக்கக்கூட இதழிடம் பணம் இல்லை. அப்படியும் கதைகள் வந்துகொண்டே இருந்தன. அந்தச் சுதந்திரம் வேறெங்கும் கிடைக்காது என்பதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். ஆகவே ஒரு மாங்காவைப் பற்றிப் படிக்கும்போது 'காரோவில் வெளிவந்தது' என்று பார்த்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் புத்தகமாகச் சிறுகதைத் தொகுப்பை எடுங்கள்

என் தேர்வு, காரோவில் வரைந்த யோஷிஹாரு ட்சுகே. பல ஆண்டுகளாக அவருடைய கதைகள் ஆங்கிலத்தில் அரிதாகத்தான் கிடைத்தன. 2020-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. மான்ட்ரியாலைச் சேர்ந்த ட்ரான் அண்ட் குவார்ட்டர்லி பதிப்பகம் 'தி ஸ்வாம்ப்', 'ரெட் ஃபிளவர்ஸ்' என்று அவருடைய கதைகளை வரிசையாகத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது.

பலரும் 1968-ல் வந்த 'நெஜிஷிகி'யைத்தான் முதலில் தேடுவார்கள். கடலில் ஜெல்லிமீன் கடித்து, கையில் அறுந்த ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டே ஒருவன் மீனவ ஊர் ஒன்றில் மருத்துவரைத் தேடி அலையும் கதை. கனவு போலவே போகும், காரணம் எதுவும் சொல்லாது. அற்புதமான கதைதான், ஆனால் முதல் கதையாக அதை எடுக்காதீர்கள். 'ரெட் ஃபிளவர்ஸ்' தொகுப்பில் வரும் பயணக் கதைகளைப் படித்துவிட்டுப் போனால், அந்தக் கனவு எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்று புரியும்.

அப்புறம் 'தி மேன் வித்அவுட் டேலண்ட்'. 1980-களின் நடுவில் வரைந்தது. காமிக்ஸ் வரைவதை விட்டுவிட்ட ஒருவன் ஆற்றங்கரையில் கற்களைப் பொறுக்கி, அந்த ஆற்றங்கரையிலேயே கடை போட்டு விற்கப் பார்க்கிறான். காலடியில் கொட்டிக் கிடக்கும் கல்லைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? மனைவி கோபப்படுகிறாள், மகன் மாலையில் வந்து வீட்டுக்குக் கூப்பிடுகிறான். வறுமையையும் சோம்பலையும் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன காமிக்ஸை நான் வேறு படித்ததில்லை. ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

படி 3: ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போங்கள்

இந்த உலகம் சிறியது, எல்லோரும் ஒருவருக்கொருவர் தொடர்புடையவர்கள். ட்சுகே 1960-களில் ஷிகெரு மிசுகியிடம் உதவியாளராக இருந்தார். போரில் இடது கையை இழந்த மிசுகி, அந்த அனுபவத்திலிருந்து எழுதிய 'ஆன்வர்ட் டுவர்ட்ஸ் அவர் நோபல் டெத்ஸ்' ஆங்கிலத்தில் கிடைக்கிறது. பெரியவர்களுக்கான இருண்ட கதைகளுக்கு 1957-ல் 'கெகிகா' என்று பெயர் வைத்தவர் யோஷிஹிரோ தத்சுமி. அவருடைய வாழ்க்கையையும் கதைகளையும் வைத்துச் சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூ 2011-ல் ஒரு அனிமேஷன் படமே எடுத்தார்.

பெண் படைப்பாளிகளைத் தவறவிடாதீர்கள். குனிகோ ட்சுரிதா பதின்வயதிலேயே காரோவில் வரையத் தொடங்கி, 1985-ல் 37 வயதில் நோயால் இறந்துபோனார். முராசாகி யமாதாவின் 'டாக் டு மை பேக்' புறநகர் அடுக்குமாடி வீட்டில் இரண்டு மகள்களோடு வாழும் ஒரு இல்லத்தரசியின் மனதைச் சொல்கிறது. கணவன் வீட்டில் இருந்தும் இல்லாதவன். நம் வீடுகளில் இதைப் படிக்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பாருங்கள். ரையன் ஹோம்பெர்க் மொழிபெயர்த்த நூல்களில் பெரும்பாலும் நீண்ட கட்டுரை ஒன்று இருக்கும். அதில் வரும் பெயர்களே உங்கள் அடுத்த பட்டியல். கட்டுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 4: இன்றைக்கு வருபவர்களைத் தேடுங்கள்

காரோவை வெளியிட்ட நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்த ஆசிரியர்கள் 1998-ல் 'ஆக்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு தடித்த தொகுப்பு 2010-ல் ஆங்கிலத்தில் வந்தது. எல்லாக் கதையும் பிடிக்காது. பிடித்த மூன்று பேரின் பெயரைக் குறித்துக்கொண்டாலே போதும். சொந்தமாக அச்சிட்டு விற்கும் இளையவர்களுக்கு டோக்கியோவில் 'கோமிதியா' என்ற சந்தை நடக்கிறது. அங்கே சொந்தக் கற்பனைக்கு மட்டும்தான் இடம். அப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் சிறு பதிப்பகங்களில் கிளேஷியர் பே புக்ஸ் குறிப்பிடத்தக்கது.

ஒரு எச்சரிக்கை: சுயேஹிரோ மருவோ போன்றவர்களின் படைப்புகளில் கொடூரமும் பாலியல் வன்முறையும் மிக வெளிப்படையாக இருக்கும். அட்டையின் அழகைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

படி 5: ஜப்பானிலிருந்து நேரடியாக வாங்குவது

படங்களுக்காகவே மூல நூல் வேண்டும் என்று தோன்றும் நாள் வரும். அப்போது படைப்பாளியின் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே நகலெடுத்துத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டினால் பாதிகூடக் கிடைக்காது. பழைய புத்தகங்களுக்கு மந்தராகே. டோக்கியோவின் நாகானோ பிராட்வே கட்டடத்தில் தொடங்கிய இந்தக் கடை வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. பழைய காரோ இதழ்களும் அங்கே வரும். அதே கட்டடத்தில் உள்ள டாகோஷே சிறு வெளியீடுகளுக்குப் பேர்போன கடை.

தபால் செலவு பல நேரம் புத்தக விலையைத் தாண்டும். நண்பர்களோடு சேர்ந்து ஒரே பொட்டலமாக வாங்குங்கள். சுங்க வரி விதியையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படிக்கும்போது வலமிருந்து இடமாகப் போங்கள். ஆனால் தத்சுமியின் சில ஆங்கிலப் பதிப்புகளில் பக்கங்களை நம் வழக்கப்படி திருப்பிப் போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு பக்கங்களில் உரையாடல் பொருந்துகிறதா என்று பார்த்தால் எந்தப் பக்கம் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.