ஏற்காட்டில் வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்

ஏற்காட்டில் மனை வாங்கியதும் பலர் முதலில் கூப்பிடுவது ஜேசிபியைத்தான். சரிவை வெட்டிச் சமதளமாக்கினால்தான் வீடு நிற்கும் என்று நம்புகிறார்கள். பின்னால் வருகிற தொல்லைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குத் தென்மேற்குப் பருவமும் மழை கொடுக்கிறது, வடகிழக்குப் பருவமும் கொடுக்கிறது. அந்த நீர் மேலே ஓடுவதோடு நிற்காமல் மண்ணுக்குள்ளும் இறங்கிச் சரிவோடு நகரும். குறுக்கே வெட்டித் தடுப்புச் சுவர் கட்டினால் அதன் முதுகில் நீர் தேங்கும். நீர் வெளியேறத் துளையும், பின்னால் ஜல்லி நிரப்பும் இல்லாத சுவர் முதலில் வயிறு தள்ளும், அப்புறம் வெடிப்பு விடும். அதனால் ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, மனைக்குள் நீர் எங்கே நுழைகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தடத்தை விட்டுவிட்டு, வீட்டை இரண்டு மூன்று மட்டங்களாகப் பிரித்துச் சரிவோடு இறக்கலாம். மேலே வாசலும் கூடமும், நாலு படி இறங்கினால் பிள்ளைகளின் அறைகள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுடைய அறை, குளியலறை, சமையல்கட்டு மூன்றும் வாசல் மட்டத்திலேயே இருக்கட்டும். வீட்டின் அழகுக்காக முட்டிவலிக்காரரைப் படியேற வைப்பது நியாயமே இல்லை.

அடுத்த தவறு, மரங்களைக் காட்டாத வரைபடம். ஒவ்வொரு மரமும் நிற்கும் இடத்தையும் கிளை பரவும் அளவையும் சர்வேயரிடம் குறிக்கச் சொல்லுங்கள். பழைய காப்பித் தோட்டத்தில் ஒரு துண்டு என்றால், அங்கே நிற்கும் சில்வர் ஓக் நிழலுக்காக நட்டது. மிளகுக் கொடியும் ஏறியிருக்கும். மரத்தை எடுத்துவிட்டுக் காப்பிச் செடியை மட்டும் அழகுக்கு வைத்துக்கொண்டால் அது வெயிலில் வாடும். மரத்தடியை ஒட்டி அஸ்திவாரம் தோண்டுவதும் ஆபத்து. வேர் அறுந்த மரம் காற்றில் வீட்டின் மேலேயே சாயலாம். ஏற்காடு மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட பகுதி என்பதால், கட்டவும் மரம் வெட்டவும் என்னென்ன அனுமதி வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கலைக்கு வருவோம். வீடு முடிந்து, பெயிண்ட் காய்ந்த பிறகு படம் வாங்கி ஆணி அடிப்பதுதான் இங்கே வழக்கம். சேலத்துக்குப் பக்கத்தில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலியிடமிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். எங்கே நின்றால் எது கண்ணில் படவேண்டும் என்று தூண் நடும்போதே தீர்மானித்திருக்கிறார்கள். உங்கள் கூடத்தில் ஒரு கற்சிலையோ சுடுமண் குதிரையோ வரும் என்றால் அதற்கான மாடம், அதன்மேல் விழும் வெளிச்சம், எடை தாங்கும் அடித்தளம் எல்லாம் வரைபடத்திலேயே இருக்கவேண்டும்.

ஏற்காட்டுப் பனிமூட்டம் காகிதத்துக்கும் கேன்வாஸுக்கும் ஆகாது. வெளிச்சுவரில் ஓதம் ஏறினால் படத்தின் பின்பக்கம் பூசணம் பிடிக்கும். ஓவியங்களை உள்சுவரில், சுவருக்கும் சட்டத்துக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். வெளித் தாழ்வாரத்துக்குக் கல்லும் சுடுமண்ணும் போதும்.

பள்ளத்தாக்கைப் பார்க்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்கிறார்கள். மேலே இறவாணம், அதாவது கூரையின் வெளி விளிம்பு, நன்றாக நீண்டிருக்காவிட்டால் சாரல் நேராகச் சட்டத்தில் அடித்து உள்ளே கசியும். உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வருகிற ஒரு ஜன்னல், அடியில் திண்ணை, அது போதும் என்பேன். இதே கண்ணாடியைச் சேலம் நகரத்து வீட்டில் மேற்குப் பக்கம் வைத்தால் கதை வேறு: சித்திரை மாதம் மதியம் தாண்டியதும் அந்த அறையில் உட்கார முடியாது. அங்கே மேற்கில் மாடிப்படி, பொருள் வைக்கும் அறை, வெளியே ஒரு வேம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.