கடைப் பொதிக்குப் பதில் வீட்டு முறுக்கு: மா அவிப்பதில்தான் விஷயம்

பள்ளிக்கூடம் விட்டு வந்து ரியூசனுக்கு ஓடும் இடைவெளியில் பிள்ளைகள் கேட்பது கடிக்க மொறுமொறுப்பாக ஏதாவது. கடைப் பொதிகளின் முகப்பில் உப்புக்குச் சிவப்பு அடையாளம் இருப்பதை ஒருநாள் நின்று பார்த்த பிறகுதான் முறுக்கு உரலைத் தேடி எடுத்தேன். முறுக்கும் எண்ணெய்ப் பண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் உப்பும் எண்ணெயும் என் கையில் இருக்கின்றன.

வேலைக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய நினைக்க வேண்டாம். வெள்ளி இரவு மா அவியுங்கள், சனி காலை சுடுங்கள்.

அரைக் கிலோ கோதுமை மாவைத் துணியில் தளர்வாகக் கட்டி, முக்கால் மணி நேரம் ஆவியில் அவிக்க வேண்டும். பச்சை மாவில் பிசைந்தால் முறுக்கு இழுபட்டு ரப்பர்போல வரும். அவித்தால் அந்த இழுவை போய்விடும். மூடிக்கு உட்புறம் ஓர் உலர்ந்த துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆவி நீராகச் சொட்டி மா களியாகிவிடும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில். அவித்த மூட்டையை அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அது கல். உடைத்துப் பிசைந்தும் குறுணிகள் உரலின் கண்களை அடைத்தன. அழுத்திய அழுத்தில் பிளாஸ்டிக் உரலின் பிடி முறிந்தது. மூட்டையை இறக்கியவுடன், சூடு ஆறுவதற்குள், புட்டுக் கொத்துவதுபோலப் பேணியால் கொத்தி, அரிதட்டில் இரண்டு தடவை அரியுங்கள். கை சுடும், பரவாயில்லை. உரல் வாங்குவதானால் பித்தளைதான். என்னிடம் இப்போது இருப்பது அம்மம்மாவுடையது.

மறுநாள் வறுத்த உழுத்தம்மா 100 கிராம், எள்ளு, ஓமம், மிளகாய்த்தூள், உப்பு சேருங்கள். நற்சீரகம் போடுவதானால் பொடித்துப் போடுங்கள், முழுதாகப் போட்டால் அதுவும் கண்ணை அடைக்கும். கொதிக்கவைத்த தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து பிழியுங்கள். தாச்சியில் மிதமான நெருப்பு போதும். எண்ணெயின் சலசலப்பு அடங்கும்போது எடுத்துவிடுங்கள்.

திருகோணமலையில் சுடுவதைவிடக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். எங்கள் வீடு உவர்மலையில், யன்னலைத் திறந்தால் கடற்காற்று. வாடை தொடங்கி மழை பிடித்துவிட்டால் திறந்து வைத்த முறுக்கு மாலைக்குள் நமத்துவிடும். அதற்காகச் சூட்டோடு அடைத்தாலும் அதன் ஆவியிலேயே நமக்கும். முற்றாக ஆறவிட்டு, சின்னச் சின்னப் போத்தல்களில் பிரித்து அடையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு போத்தல். பெரிய வாளியில் போட்டு ஆளாளுக்குத் திறந்தால் மூன்றாம் நாள் யாரும் தொடமாட்டார்கள்.

பிற்சேர்க்கை: கடையில் விற்கும் அவித்த மா சரிவருமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சரிவரும், முகர்ந்து பார்த்து வாங்கி இன்னொரு தடவை அரியுங்கள். குரக்கன் மா கலந்த ஒருவருக்கு முறுக்கு கருகிவிட்டதாம். கால் பங்குக்கு மேல் கலக்காதீர்கள். அது முதலிலேயே கறுப்பு, நிறம் மாறட்டும் என்று காத்திருந்தால் கருகத்தான் செய்யும். நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணெயின் சத்தத்தைக் கேளுங்கள்.