மழலைகளுக்குக் குடும்பக் கதையைச் சொல்லித் தருவது எப்படி?

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு "50 ஆண்டுகளுக்கு முன்பு" என்பது பொருளற்ற சொல். "அப்பா உன்னைப் போலச் சிறுவனாக இருந்தபோது" என்று தொடங்கினால் உடனே புரியும். ஆகவே முதலில் பாட்டியின் மூக்குக் கண்ணாடிக் கூட்டையோ தாத்தாவின் கைக்கடிகாரத்தையோ குழந்தையின் கையில் கொடுத்து, அதன் கதையைச் சொல்லுங்கள்.

புகைப்படம் காட்டும்போது நீங்களே விளக்கிக்கொண்டு போகாமல், "இது யாராக இருக்கும், ஏன் சிரிக்கிறார்?" என்று கேட்டு, குழந்தை சொல்வதோடு ஒரு செய்தியைச் சேர்த்துத் தொடருங்கள். இவ்வாறு விரிவாக உரையாடும் பெற்றோரின் குழந்தைகள் தம் வாழ்வில் நடந்தவற்றையும் கூடுதல் விவரத்தோடு நினைவுகூர்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே கதையைப் பலமுறை கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள்.

குடும்ப மரம் வரைவதானால் மூன்று தலைமுறை போதும். தத்தெடுக்கப்பட்ட குழந்தையானாலும் தாயுடன் மட்டும் வளரும் குழந்தையானாலும், அன்போடு வளர்ப்பவர் அனைவருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

மரபுகளை விளக்குவதைவிட, அவற்றில் ஒரு சிறு பொறுப்பைக் கொடுப்பதே சிறந்தது. விழா நாளில் வீட்டை அலங்கரிக்க உதவும் குழந்தை, "ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று தானே கேட்கும், அப்போது இரண்டே வாக்கியங்களில் பதில் சொல்லுங்கள்.